ஏற்றத்தில் கைகொடுக்கும் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பேச்சோடு பேச்சாக, டிரெக் ஃபியூயல் இஎக்ஸ்இ என்ற எடை குறைந்த மின்சார மலைச் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன், ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இப்போது ஏழு வாரம், பதினாலு சவாரி முடிந்திருக்கிறது. எல்லாமே லண்டனுக்குத் தெற்கே சர்ரே ஹில்ஸில்தான், அதிலும் பெரும்பாலும் பீஸ்லேக் கிராமத்தைச் சுற்றியுள்ள ஹோம்பரி, பிட்ச் ஹில் குன்றுகளில். பெரிய மலைகள் இல்லை. ஹோம்பரி 261 மீட்டர், பக்கத்தில் இருக்கிற லீத் ஹில் 294 மீட்டர், அவ்வளவுதான். ஆனால் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி என்று சுற்றினால் ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடும், முழங்கால் அதைச் சாயங்காலம் சொல்லும். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

எடை குறைந்தது என்கிறீர்கள், ஆனால் பதினெட்டு கிலோவுக்கு மேல் என்று போட்டிருக்கிறதே? இதற்கு முழு சக்தி மின்சார சைக்கிளே வாங்கிவிடலாமே அண்ணா? – குரொய்டன் வாசகர்

நியாயமான கேள்வி. மோட்டார் இல்லாத என் பழைய சைக்கிள் 14 கிலோ. இது சுமார் 18.5 கிலோ. முழு சக்தி மின்சார மலைச் சைக்கிள்கள் பெரும்பாலும் 22 முதல் 25 கிலோ வரை வரும். அதாவது இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நான் சொல்லும் 'எடை குறைந்த' என்பது அந்த 22 கிலோவோடு ஒப்பிட்டுத்தான்.

எடையைக் குறைக்க எதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முழு சக்தி மோட்டார்கள் 85 நியூட்டன் மீட்டர் அல்லது அதற்கு மேலும் முறுக்குவிசை, அதாவது சுழற்றித் தள்ளும் பலம், தரும், பேட்டரி 600, 700 வாட்-அவர் (அதில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) இருக்கும். என் சைக்கிளில் இருப்பது டிக்யூ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எச்பிஆர்50 மோட்டார். முறுக்குவிசை 50 நியூட்டன் மீட்டர், உச்ச சக்தி 300 வாட், பேட்டரி 360 வாட்-அவர். மோட்டாரின் எடை 1.85 கிலோதான். ஏறக்குறைய பாதிக்குப் பாதி விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

முதல் சவாரியில் முதல் பத்து நிமிடம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. சமதளத்தில் மிதிக்கிறேன், பின்னாலிருந்து யாரும் தள்ளுவது போல ஒன்றும் இல்லை. மோட்டார் ஓடுகிறதா என்று மேல் கம்பியில் பதித்திருக்கும் சின்னத் திரையைக் குனிந்து குனிந்து பார்த்தேன். சத்தமும் இல்லை. மற்ற மின்சார சைக்கிள்களில் ஏற்றத்தில் வரும் அந்த 'ங்ங்ங்' என்ற இரைச்சல் இதில் கிட்டத்தட்ட கிடையாது. உள்ளே பற்சக்கரங்களை அடுக்கி வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாக, ஊசிகள் பதித்த வளையத்தை வைத்துக் குறைக்கிற அமைப்பு இது. டயர் மணலில் அரைபடுவது கேட்கும், மூச்சு கேட்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ஹோம்பரி ஏற்றம் வந்தது. பாதி வழியில் மணல் தளர்ந்து, குறுக்கே இரண்டு வேர் ஓடும் ஓர் இடம் இருக்கிறது. பழைய சைக்கிளில் பத்துக்கு எட்டு தடவை அங்கே காலை ஊன்றியிருக்கிறேன். இதில் அந்த வேரை எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை, கூட வந்த நண்பரோடு பேசிக்கொண்டே மேலே போய்விட்டேன். ஆனால் வேர்த்திருந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. இதுதான் எனக்குப் பிடித்தது. ஏற்றத்தை இது எனக்காக ஏறித் தரவில்லை. என் கால் நல்லா இருந்த ஒரு நாளில் எப்படி ஏறுவேனோ அப்படி ஒவ்வொரு நாளும் ஏற வைக்கிறது.

இறக்கத்தில்தான் எடை குறைவின் பலன் தெரியும். 23 கிலோ சைக்கிள் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறேன், நேர்க்கோட்டில் பாறை போல உறுதியாக நிற்கும், ஆனால் நெருக்கமான மரங்களுக்கு இடையே சட்டென்று திருப்ப வேண்டும் என்றால் யோசித்துத்தான் திருப்ப வேண்டும். இது அப்படி இல்லை. முன்சக்கரத்தைத் தூக்க நினைத்தால் தூக்கலாம், வேரின் மேல் சின்னதாகத் துள்ளலாம்.

முழு சக்தி யாருக்கு வேண்டும்? உடல் எடை நூறு கிலோவுக்கு மேல் என்றால், கூட ஓட்டுகிற கூட்டம் முழுவதும் முழு சக்தி வைத்திருந்தால், ஒரு நாளில் இரண்டாயிரம் மீட்டர் ஏற வேண்டும் என்ற ஆசை இருந்தால், தயங்காமல் அதையே வாங்குங்கள். அவர்களோடு இதை ஓட்டிக்கொண்டு ஓடினால் ஒவ்வொரு ஏற்றத்திலும் பின்தங்கி மனசு நொந்துபோகும்.

சட்டம் 250 வாட் என்கிறது, உங்கள் மோட்டார் 300 வாட். பிடிபட்டால் என்ன செய்வீர்கள்? என் மகனுக்குப் பதின்மூன்று வயது, அவன் ஓட்டலாமா? – மில்டன் கீன்ஸ் வாசகர்

பிரிட்டன் சட்டம் சொல்லும் 250 வாட் என்பது மோட்டார் தொடர்ந்து தரக்கூடிய சக்தியின் அளவு. 300 என்பது கொஞ்ச நேரம் தரும் உச்சம். இரண்டும் வேறு, ஆகவே சட்டப்படி சரிதான். மிதித்தால்தான் உதவி வர வேண்டும், மணிக்கு 15.5 மைலில், அதாவது 25 கிலோமீட்டரில், உதவி நின்றுவிட வேண்டும். இது இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது சாதாரண சைக்கிள், உரிமம் வேண்டாம், காப்பீடு கட்டாயமில்லை. வயது மட்டும் 14 ஆகியிருக்க வேண்டும், மகன் ஒரு வருடம் பொறுக்கட்டும்.

அந்த வேக வரம்பை உடைத்துத் தருகிறேன் என்று சிலர் விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். உடைத்த நொடியில் அது பதிவில்லாத மோட்டார் வாகனம். போதாததற்கு, குதிரைப் பாதைகளில் நாம் ஓட்டுவது 1968-ஆம் வருடச் சட்டம் சைக்கிளுக்குக் கொடுத்த உரிமையால்தான். நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். மோட்டாரோடு வந்து மிரட்டுகிறார்கள் என்று பெயர் வந்தால் அந்தப் பாதைகளை நாம் எல்லாரும் இழப்போம். நடைபாதை என்று மட்டும் குறித்த பாதைகளில் எந்த சைக்கிளுமே கூடாது.

போன மாதம் ஓர்பியா ரைஸ் என்ற எடை குறைந்த மின்சார சைக்கிள் வாங்கினேன். ஏற்றத்தில் முன்சக்கரம் அலைகிறது, வளைவில் வழுக்குகிறது, இறக்கத்தில் குதிரை மாதிரி துள்ளுகிறது. மோட்டார் செட்டிங்கை எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். எங்கே தவறு? – ரெடிங் வாசகி

மோட்டாரை விடுங்கள். நீங்கள் சொல்லும் மூன்றுமே சஸ்பென்ஷனைச் சரியாக அமைக்காததால் வருகிற கோளாறு, முக்கியமாக அதில் அடைத்த காற்றின் அளவு. எனக்கும் இதேதான் நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்கிய கடையில், எல்லாம் உங்கள் எடைக்குச் சரி செய்தாயிற்று என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் நம்பி இரண்டு சவாரி போய்விட்டேன். மூன்றாவது நாள் வீட்டில் சுவரில் ஒரு கையை ஊன்றி ஏறி உட்கார்ந்து, பின் ஷாக்கில் இருக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் வளையத்தை அடிவரை தள்ளிவிட்டு, ஆடாமல் இறங்கிப் பார்த்தேன். ஷாக் மொத்தமாக அமுங்கக்கூடிய 60 மில்லிமீட்டரில் 24 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. நாம் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தானாக அமுங்கும் இந்த அளவைத்தான் சேக் என்கிறார்கள், பின்னால் அது 30 சதவீதம், அதாவது 18 மில்லிமீட்டர் இருந்தால் போதும். என்னுடையது 40 சதவீதம். பின்பக்கம் சோபா மாதிரி அமுங்க, முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. ஏற்றத்தில் முன்சக்கரம் அலையாமல் என்ன செய்யும்? வளைவில் முன்டயரின் மேல் எடையே இல்லை, அதனால் வழுக்குகிறது. உங்களுக்கும் இதுதான் என்று பந்தயமே கட்டுவேன்.

செய்ய வேண்டியது இதுதான். சவாரிக்குப் போகிற மாதிரியே முழுசாக உடுத்திக்கொள்ளுங்கள். ஷூ, ஹெல்மெட், முதுகுப்பை, பைக்குள் தண்ணீர், எல்லாம். நான் 74 கிலோ, சாமானோடு 79. அந்த ஐந்து கிலோ கணக்கில் வராமல் போனால் அளவு தப்பும். கூடுதல் பேட்டரி மாட்டிப் போகிறவர் என்றால் அதையும் மாட்டிவிட்டு அளந்து பாருங்கள். ஷாக்கை இறுக்கித் தளர்த்தும் நெம்புகோலை முழுக்கத் திறந்து வையுங்கள். உடல் எடை எத்தனை பவுண்டோ அத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று தொடங்கினால் அநேகமாகப் பக்கத்தில் வந்துவிடும். நான் 163-இல் தொடங்கி 170-இல் நின்றேன். காற்றடித்ததும் உடனே அளக்காதீர்கள், பத்து தடவை உட்கார்ந்து எழுந்து ஷாக்கை அமுக்கிவிடுங்கள், உள்ளே இருக்கும் இரண்டு அறைகளுக்கும் காற்று சமமாகப் பிரியும். இதைச் செய்யாமல் அளந்துவிட்டு, மறுநாள் அளவு மாறிவிட்டதே என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குச் சேக் 20 சதவீதம். 150 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க் என்றால் 30 மில்லிமீட்டர். ஆனால் அதை உட்கார்ந்து அளக்கக் கூடாது, இறக்கத்தில் நிற்பது போலப் பெடலில் நின்று, முழங்கை மடக்கி, எடையை நடுவில் வைத்து அளக்க வேண்டும். யாராவது பின்னால் பிடித்துக்கொண்டால் சுலபம். என் மனைவி பிடித்துக்கொள்கிறாள்.

துள்ளுவதற்குக் காரணம் ரீபவுண்ட். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்பி வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற சிவப்புத் திருகு அது. ரோட்டோர நடைபாதையின் விளிம்பிலிருந்து சீட்டில் உட்கார்ந்தபடியே மெதுவாகக் கீழே இறங்குங்கள். சைக்கிள் ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் திருகை மூடும் பக்கமாக இரண்டு சொடுக்கு திருப்புங்கள், எழும்பாமல் செத்த மாதிரி இருந்தால் திறக்கும் பக்கமாகத் திருப்புங்கள். காற்றழுத்தத்தைக் கூட்டினால் இதையும் கொஞ்சம் மூட வேண்டியிருக்கும், ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறக்காதீர்கள்.

அடுத்தது டயர். இங்கேதான் நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பழைய சைக்கிளில் பின்டயருக்கு 22 பிஎஸ்ஐ வைத்துப் பழக்கம், பிடிப்பு இன்னும் நல்லா இருக்கட்டும் என்று இதில் 20 வைத்தேன். நாலாவது சவாரியில் பிட்ச் ஹில் இறக்கத்தில் ஒரு வேரில் 'டங்' என்று ஒரு சத்தம், அடிவயிறு கலங்கியது. இறங்கிப் பார்த்தால் ரிம் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு நசுங்கல். டயருக்குள் ஊற்றி ஓட்டையை அடைக்கிற டியூப்லெஸ் பால் இருந்ததால் காற்று முழுக்கப் போகவில்லை, வீடு வந்து சேர்ந்தேன். நாலரை கிலோ கூடுதல் எடை அந்த டயரின் மேல்தானே உட்காருகிறது, அதை நான் யோசிக்கவில்லை. இப்போது பின்னால் 25, முன்னால் 22, இரண்டுமே 2.5 அங்குல டயர். பழைய சைக்கிளில் வைத்ததைவிட இரண்டு பிஎஸ்ஐயாவது கூட வையுங்கள். அளக்கத் தனியாக ஒரு டிஜிட்டல் கருவி வாங்கிக்கொள்ளுங்கள், தரை பம்பில் இருக்கும் முள் இரண்டு மூன்று பிஎஸ்ஐ பொய் சொன்னாலும் நமக்குத் தெரியாது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நான் ஹோம்பரியில் 'பேரி நோஸ் பெஸ்ட்' என்ற இறக்கத்தை எடுத்துக்கொண்டு, ஒரே காலையில் அதையே மூன்று தடவை இறங்கினேன், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றத்தோடு. மாற்றியதை எல்லாம் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஃபிரேமின் அடியில் ஒட்டியிருக்கிறேன். அன்று மூன்றாவது தடவை கீழே வந்தபோது, அதே வளைவில் முன்டயர் கடித்துக்கொண்டு திரும்பியது, எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கத் தோன்றியது. பீஸ்லேக் கடையில் ஒரு சீஸ் ஸ்ட்ரா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நாலாவது தடவையும் போனேன், அது அளப்பதற்காக இல்லை.

ஏற்றத்தில் பெடல் கல்லிலும் வேரிலும் இடித்துக்கொண்டே இருக்கிறது. சைக்கிள் சரியில்லையா? – லூட்டன் வாசகர்

சைக்கிளில் குறை இல்லை. முன்பெல்லாம் தள்ளிக்கொண்டு போன இடங்களில் இப்போது மிதித்துக்கொண்டு போகிறீர்கள், அதனால் இடிக்கிறது. முதலில் மேலே சொன்ன சேக் அளவைப் பாருங்கள், அதிகமாக அமுங்கினால் பெடலும் தாழும். பெடலைத் தாங்கும் கிராங்க் கையின் நீளம் 170 அல்லது 175 மில்லிமீட்டர் என்றால் 165-க்கு மாறலாம், என்னுடையது 165. ஃபிரேமில் உயரம் மாற்றும் சின்னத் திருப்பு துண்டு இருந்தால் உயரமான நிலையில் வையுங்கள், முன் ஃபோர்க்கின் கோணம் கொஞ்சம் நிமிரும், சர்ரே மாதிரி இடங்களுக்கு அது பாதகமில்லை. வேர் வரும் இடத்தில் முழுச் சுற்று சுற்றாமல் அரைச் சுற்று முன்னும் பின்னுமாக மிதித்துத் தாண்டப் பழகுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

360 வாட்-அவர் எதற்குப் போதும்? பாதி வழியில் தீர்ந்துவிட்டால்? – பிர்மிங்ஹாம் வாசகர்

மைல் கணக்கை விட்டுவிட்டு, ஏற்றத்தின் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். நான், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து சுமார் 97 கிலோ. இதை நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறத்தாழ 26 வாட்-அவர் வேண்டும். மணலிலும் வேரிலும் உருள்வதற்கு இன்னும் கணிசமாக. அதில் பாதியை என் கால் கொடுக்கிறது, மீதியை மோட்டார் கொடுக்கிறது, மோட்டார் கொடுப்பதிலும் ஒரு பங்கு சூடாகப் போகிறது. கடைசியில் நூறு மீட்டருக்குப் பேட்டரியிலிருந்து 30 வாட்-அவர் போகிறது. மோட்டாரின் உதவிக்கு ஈகோ, நடுத்தரம், ஹை என்று குறைவிலிருந்து கூடுதலாக மூன்று மோட் உண்டு. நடுத்தர மோடில் எனக்குச் சுமார் 1,200 மீட்டர் ஏற்றம் கிடைக்கிறது, கணக்கும் அனுபவமும் ஒத்துப்போகின்றன. ஹை மோடிலேயே வைத்து ஓட்டினால் 800-க்குள் முடிந்துவிடும். ஈகோவில் இதுவரை நான் தீர்த்ததே இல்லை.

மூன்று மோடையும் செயலியில் மாற்றிக்கொள்ளலாம். ஈகோவில் உச்சம் 100 வாட், நடுவில் 180, ஹையில் முழு 300 என்று வைத்திருக்கிறேன். மிதிப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. இந்தச் சின்ன மோட்டார்களுக்குக் கனமான கியரில் நின்று மிதிப்பது ஒத்துவராது. நிமிடத்துக்கு 75, 80 சுற்று வருகிற மாதிரி ஒரு கியர் லேசாக்கி மிதியுங்கள், அதே மோடில் உதவி கூடின மாதிரி இருக்கும். பழைய பழக்கத்தில் ஐம்பது சுற்றில் அழுத்தி மிதித்துவிட்டு, மோட்டாருக்குத் தெம்பில்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தீர்ந்துவிட்டால் பயமில்லை, நின்றுபோன மோட்டாரின் இழுவை கிட்டத்தட்ட இல்லை, கனமான சைக்கிளாக வீடு வரை வரும். தண்ணீர் பாட்டில் இடத்தில் மாட்டுகிற 160 வாட்-அவர் கூடுதல் பேட்டரியும் உண்டு, எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நான் இன்னும் வாங்கவில்லை, நண்பருடையதை இரண்டு தடவை இரவல் வாங்கினேன், அவ்வளவுதான்.

நான் ஹாரோவில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறேன். டியூபில் ஏற்றிக்கொண்டு போகலாமா? வீட்டுக்குள் சார்ஜ் போட அம்மா பயப்படுகிறார். – ஹாரோ வாசகி

டியூபில் முடியாது. 2025 மார்ச் 31 முதல் மடிக்க முடியாத மின்சார சைக்கிள்களை டியூப், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன், டிஎல்ஆர் எதிலுமே ஏற்றக் கூடாது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் உங்கள் பக்கத்து ரேய்னர்ஸ் லேன் நிலையத்தில் ஒரு மின்சார சைக்கிள் தீப்பிடித்தது. டார்க்கிங், கோம்ஷால் பக்கம் போகும் மற்ற ரயில்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் விதி தனி, கிளம்புகிற வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயம் வீண் பயம் இல்லை, அவரோடு வாதாடாதீர்கள். சைக்கிளோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகாதீர்கள், மலிவாகக் கிடைக்கும் மாற்றுப் பேட்டரி வேண்டவே வேண்டாம். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் சார்ஜில் விடாதீர்கள். முக்கியமாக, வாசலுக்குப் போகும் நடைவழியில் சைக்கிளை வைக்காதீர்கள், ஏதாவது ஆனால் வெளியே ஓட அந்த ஒரு வழிதான் இருக்கும். என் மாடல் மாதிரி பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள், எடை குறைந்த சில மாடல்களில் மோட்டாரைக் கழற்றாமல் பேட்டரி வெளியே வராது. கீழே சைக்கிள் கொட்டகை இருந்தால் பேட்டரியை மட்டும் மேலே கொண்டுபோய், நீங்கள் விழித்திருக்கும்போது சார்ஜ் போடலாம். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சில்லிட்டிருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள், அறையில் ஒரு மணி நேரம் இருக்கட்டும். குளிர்காலத்தில் ஒரு மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

டிசம்பரில் கோத்தகிரி போகிறேன். சைக்கிளையும் விமானத்தில் கொண்டுபோக ஆசை. முடியுமா? – சட்டன் வாசகர்

சைக்கிளைக் கொண்டுபோகலாம், பேட்டரியைக் கொண்டுபோக முடியாது. பயணிகள் 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைக் கையிலும் எடுத்துப்போகக் கூடாது, பெட்டியிலும் போடக் கூடாது. என்னுடையது மாதிரி 360 வாட்-அவர் பேட்டரி அங்கேயே நின்றுவிடும். நூறுக்கு மேல் 160 வரை விமான நிறுவனம் முன்கூட்டி அனுமதித்தால் உண்டு, அந்தக் கூடுதல் பேட்டரி சரியாக அந்த வரம்பில்தான் நிற்கிறது. நான் என்றால் அதை நம்பி டிக்கெட் போடமாட்டேன்.

இந்தியாவிலும் 250 வாட்டுக்குக் குறைந்த, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்ட மின்சார சைக்கிளை மோட்டார் வாகனமாகப் பார்ப்பதில்லை, அந்த விதத்தில் கவலை இல்லை. ஆனால் நீலகிரியில் காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளோடு நுழைய முடியாது, எஸ்டேட் பாதைகளுக்கு எஸ்டேட்டைக் கேட்க வேண்டும். என் யோசனை, ஊரில் சொந்தக்காரர் யாரிடமாவது ஒரு சாதாரண கியர் சைக்கிள் இரவல் வாங்குங்கள். கோத்தகிரியிலிருந்து கொடநாடு காட்சிமுனை பதினெட்டு கிலோமீட்டர்தான், காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ரோடு காலியாக இருக்கும். ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.